பெட்ரோல் மூடி

என் மகளுக்கு இழுப்பு உண்டு. நாங்கள் கார் வாங்கியது அதற்காகத்தான். வேறு காரணம் இருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்குக் கார் எதற்கு, துரை என்ற நினைப்பா என்று ஆபீசில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. மூச்சுக்குத் திணறும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, மூன்று சக்கரப் பெக்கா வண்டி மிதிக்கிறவன் எவனாவது இந்தப் பக்கம் வருகிறானா என்று சாலையைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு இந்த மாதிரிப் பேச்சு உறைப்பதில்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் நெருங்க நெருங்கத் தோட்டத்துத் துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் போன ஒருவர் விட்டுச்சென்ற கார் அது. கரும்பச்சை நிறம். இரண்டு கதவு. ஓட்டுகிறவர் இருக்கையில் தோல் வெடித்து உள்ளிருக்கும் நார் தெரியும். குருபோங்குக்கு அப்பால் இருந்த தோட்டத்திலிருந்து மலாக்கா நகரில் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு அதை முதன்முதலாக ஓட்டிவந்து நிறுத்தியபோது மகள் வாசலில் நின்றாள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு, "இதுல ஏறுனா எவ்ளோ நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்ப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது.

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள," என்றேன்.

துக்காங் எமாஸ் சாலையில் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் நிறுத்திப் பூஜை போட்டோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறவர்கள் காரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது வாசல் நிலைக்கும் சாமி படங்களுக்கும் பொட்டு வைப்பதுபோலக் காருக்கும் வைப்பது மகளின் வேலையாயிற்று. அவள் அம்மா உரைத்துக் கொடுக்கும் சந்தனத்தைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு படியிறங்குவாள். பானெட்டில் ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று, பின்னால் பெட்ரோல் மூடியின் நடுவில் ஒன்று. சந்தனத்தின்மேல் குங்குமம்.

மூடியில் வைக்கும் யோசனை பிட்டரால் வந்தது. எங்கள் தெருவுக்குப் பின்புறம் தகரக் கொட்டகையில் கார் பழுது பார்ப்பவரை எல்லோரும் பிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் தடவை அவரிடம் காரைக் காட்டப் போனபோது மகளும் வந்திருந்தாள். அந்த உருண்டை மூடி என்ன என்று அவரைக் கேட்டாள்.

"இதான் பாப்பா காடிக்கு வாயி. இதுல ஊத்துனாத்தான் நடக்கும். ஒங்கப்பாவுக்குப் பேசறதுக்கும் ஒரு வாயி, திங்கிறதுக்கும் அதே வாயி. இது அப்படி இல்ல. திங்கிறதுக்கு மட்டுந்தான். நல்ல சீவன்."

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகப்போகிற ஒன்றின் வாய் அது என்று எடுத்துக்கொண்டாள்.

கார் நின்ற நாளைப் பற்றி எழுத வேண்டும். ஆயுத பூஜை முடிந்து மழை பிடித்திருந்தது. சனிக்கிழமை, ஆபீஸ் அரை நாள். வரும் வழியில் பெட்ரோலை விளிம்புவரை நிரப்பிக்கொண்டேன். டாங்கியை ஒருபோதும் குறையவிடுவதில்லை என்று வைத்திருந்தேன். எந்த நேரத்தில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்.

கார் சந்துக்குள் திரும்பும்போதே மனைவி வேலிப்படலைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அவள் கையசைக்கவில்லை, கூப்பிடவில்லை. படலைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே மகள் பெஞ்சில் முழங்கால்மேல் இரண்டு கையையும் ஊன்றி, தோள்கள் காதுவரை ஏற உட்கார்ந்திருந்தாள். அவளைத் தூக்கிவந்து பின் இருக்கையில் அம்மாவின் மடியில் வைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

பாதி வழியில் எஞ்சின் ஒருமுறை இருமியது. அடுத்து இரண்டுமுறை இருமியது. பிறகு சத்தம் இல்லை. கார் கொஞ்சதூரம் தானாக உருண்டு, இரண்டு பக்கமும் தென்னைகள் நிற்கும் ஓரிடத்தில் நின்றது. ஸ்டார்ட்டரை இழுத்தேன். திரும்ப இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். பின்னால் இருந்து மகளின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது குறைந்தது. இழுப்பு உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குத் தெரியும், சத்தம் குறைவது நல்லதற்கல்ல.

மனைவி, "என்னங்க," என்றாள்.

எதிரே ஒரு பெக்கா வந்தது. நிறுத்தச் சொன்னேனா, அவராக நிறுத்தினாரா என்று நினைவில்லை. மலாய்க்காரர், வயதானவர். குழந்தையையும் மனைவியையும் ஏற்றி, தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வந்த திசைக்கே திருப்பினார். எனக்கு அதில் இடமில்லை. நான் பக்கத்தில் ஓடினேன். "சபார், இன்ச்சே, சபார்," என்று அவர் மிதித்துக்கொண்டே சொன்னார். பொறுமை, பொறுமை என்று. அதை எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. என்னால் பார்க்க முடிந்தது தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மகளின் காலை மட்டும். ஒரு செருப்பு இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். டாக்டர் வெளியே வந்து ஆங்கிலத்தில், இன்னும் சற்றுத் தாமதமாகியிருந்தால் என்று தொடங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் உள்ளே போனார். அவர் அதை முடித்திருக்கலாம் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. முடிக்காத வாக்கியத்தை நானே வேறு வேறு விதமாக முடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் பிழைத்துவிட்டாள் என்று தெரிந்தபின் காரைப் பார்க்க நடந்து போனேன். நான் திறந்து விட்டுவந்த கதவு அப்படியே திறந்து கிடந்தது. இருக்கை நனைந்திருந்தது. ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே எஞ்சின் எடுத்தது. ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நான் சாலையோரத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. அன்றிலிருந்து ரொம்ப நாள் எனக்கு எதுவுமே சரியாக வரவில்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று மனைவியே சொன்ன பிறகுதான் தட்டைப் பார்த்தேன். பாதிக்கு மேல் சாப்பிட்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மலாக்காச் செட்டி. கும்பிடுகிற சாமி எங்கள் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். செய்தி கேட்டு வந்தவர் காரின் மட்கார்டைத் தட்டி, "கெரெத்தா மெராஜோக்," என்றார். கார் கோபித்துக்கொண்டு முகம் திருப்பிக்கொண்டதாம். சமாதானம் பண்ண வேண்டுமாம். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிட்டரிடம் கொண்டுபோனேன். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. என்ன பழுதென்று கார் வந்தாலும் முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து ஒரு குச்சியை உள்ளே விட்டு எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். பெட்ரோல் இல்லாமல் கார் நின்றுபோய், அதற்கு எஞ்சினைக் கழற்றச் சொன்ன பெரிய மனிதர்களைப் பார்த்தவர் அவர். குச்சியைப் பார்த்துவிட்டு, "வயிறு நெறைய இருக்கு," என்றார். பிறகு பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். ஓட்டிப் பார்த்தோம். நன்றாக ஓடியது.

சில நாட்களுக்குப் பிறகு தோட்டத்துக்குப் போகும் வழியில் நின்றது. அன்றும் காலையில்தான் பெட்ரோல் நிரப்பியிருந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நெடுநேரம் கழித்து இழுத்தபோது எடுத்தது.

"எண்ண ஊத்துனாத்தான் நிக்குதா?" என்று பிட்டர் கேட்டார். "அப்ப எண்ணயிலதான் கோளாறு. தண்ணி கலந்திருக்கும்."

டாங்கியைக் காலி செய்தார். துணியில் வடிகட்டினார். தண்ணீர் இல்லை. நான் வேறு இடத்தில் பெட்ரோல் போட்டேன். அப்போதும் நின்றது. பம்பைக் கழற்றி அதன் உள்ளே இருந்த தோலை மாற்றினார். அப்போதும் நின்றது. ஒவ்வொரு தடவையும் பட்டறைக்குப் போனவுடன் மூடியைத் திறந்து குச்சியை விடுவார். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பிறகு கார் ஒழுங்காக ஓடும்.

"காடிக்கு ஒன்னுமில்ல கிராணி," என்றார் ஒரு நாள், கையைத் துடைத்துக்கொண்டே. "ஒங்களுக்குத்தான் காய்ச்சல். போயி ஒரு ஊசி போட்டுக்குங்க."

"எம்மக செத்துருக்கும்," என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னேன். அவர் துணியைக் கீழே வைத்தார்.

"சரி. இங்க கொண்டாந்தா நல்ல புள்ளையா நடிக்குது. அது நிக்கிற எடத்துல வச்சுத்தான் புடிக்கணும். நாளைக்கி நானும் வர்றேன். எண்ணய ரொப்பிக்கிட்டு வாங்க."

வீட்டில் ஒவ்வொரு நாளும் மகளின் தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்ப்பேன். அது ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா. அவள் அதைக் கவனித்துவிட்டாள். நான் பார்க்கும்போது தோளை இறக்கி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சொன்னபடியே மறுநாள் பிட்டரும் நானும் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போனோம். விமானத் திடலுக்குப் பக்கத்தில் சாலை நேராக இருக்கும். வழியில் நிறுத்தி விளிம்புவரை பெட்ரோல் போட்டுக்கொண்டோம். அந்த நேர்ச்சாலையில் போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். பிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"ஏன் கிராணி, இது நிக்காமயே ஓடிருச்சின்னா என்னா பண்றது? இப்படியே சிங்கப்பூருக்குப் போயிருவமா?"

நான் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை திரும்பும்போது அது இருமியது. இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"ஆ, வந்தாரு மாப்பிள்ள," என்று பிட்டர் இறங்கினார். அவருக்கு ஒரே சந்தோஷம். பானெட்டைத் திறந்து, டாங்கியிலிருந்து பம்புக்கு வரும் குழாயைக் கழற்றினார். அதில் வாயை வைத்து உறிஞ்சினார். கன்னம் இரண்டும் ஒட்டிப்போயின. ஒன்றும் வரவில்லை.

"டாங்கி நெறைய எண்ண இருக்கு. வரமாட்டேங்குது. எங்கியோ கொழா அடச்சிருக்கு. நீங்க பின்னால போயி மூடியத் தொறந்துட்டுக் காத வையுங்க. நான் இங்கேருந்து ஊதுறேன். கொப்புளம் போடுற சத்தம் கேக்குதான்னு சொல்லுங்க."

நான் பின்னால் போனேன். மூடியின் நடுவில் மகள் வைத்த பொட்டு இருந்தது. எப்போதும்போல அதன்மேல் விரல் படாமல் மூடியின் ஓரத்தைப் பிடித்துத் திருகினேன். மூடி முழுதாகக் கழல்வதற்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டது. உஸ்ஸென்று, நீளமாக, வெளியிலிருந்து உள்ளே. டாங்கி காற்றை இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கேட்கிற சத்தம்தான். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

"என்னா கிராணி, தொறந்தாச்சா?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. நான் பதில் சொல்லாததால் அவர் மறுபடி குழாயில் வாயை வைத்து உறிஞ்சியிருக்கிறார். அடுத்த கணம் துப்பும் சத்தமும் கெட்ட வார்த்தையும் கேட்டன. வாய் நிறையப் பெட்ரோலோடு பின்னால் ஓடிவந்தார்.

"இப்ப வருது! சனியன் இப்ப மட்டும் வருது!"

நான் அவரைப் பார்த்தேன். அவர் மூடியைப் பார்த்தார். வாயைத் துடைக்க மறந்து நின்றார்.

"குடுங்க," என்றார். மூடியின் அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். "இதுல ஒரு ஓட்ட இருக்கணும். காத்துப் போறதுக்கு. உள்ள எண்ண கொறையக் கொறையக் காத்து உள்ள போவணும். போவலன்னா டாங்கி எண்ணய விடாது. பம்பு இந்தப் பக்கம் இழுக்கும், அது அந்தப் பக்கம் இழுக்கும்." நிறுத்தினார். "உள்பக்கம் ஓட்ட தெரியுது. ஆனா வெளிச்சம் வரல."

வெளிப்பக்கத்தில் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் பொட்டு இருந்தது. எத்தனையோ வெள்ளிக்கிழமைகளின் சந்தனம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, வெயிலில் சுண்ணாம்புபோல இறுகி, குங்குமம் கறுத்துப்போய் ஒரு சிறு மேடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காரைக் கழுவுவேன். பொட்டைச் சுற்றிக் கழுவுவேன். அதைத் துடைக்க மாட்டேன். யார் துடைப்பார்கள்? பொட்டின்மேல் பொட்டு வைப்பதுதானே வழக்கம். பிட்டர் அத்தனை தடவை மூடியைத் திறந்திருக்கிறார். அவரும் ஓரத்தைப் பிடித்துத்தான் திறந்தார்.

"சாமி பொட்டாச்சேன்னு நானும் கை வைக்கல," என்றார்.

பிறகு எல்லாம் தானாக விளங்கியது. விளிம்புவரை நிரப்பினால் டாங்கிக்குள் காற்றுக்கு இடமே இல்லை, அதனால் சீக்கிரமே மூச்சு முட்டுகிறது. நான் பயந்து பயந்து நிரப்பிவைத்த ஒவ்வொரு முறையும் அது சீக்கிரம் நிற்க வழிசெய்திருக்கிறது. நெடுநேரம் நின்றால் எங்கோ ஒரு இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், பிறகு எடுக்கும். பட்டறையில் குச்சியை விடுவதற்காக மூடியைத் திறந்தவுடன் நோய் குணமாகிவிடும். இல்லாத நோயைத்தான் அவர் ஒவ்வொரு தடவையும் தேடிக்கொண்டிருந்தார்.

பிட்டருக்கு இன்னொன்றும் விளங்கியது. "பாப்பாவா வச்சிச்சு இது?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு, "வாயின்னு நாந்தான் சொன்னேன்," என்றார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. மூடியைத் தளர்வாக வைத்து ஓட்டிவந்தோம். கார் எங்கும் நிற்கவில்லை.

வீட்டு வாசலில் உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலும் ஒரு ஊசியாலும் அந்தப் பொட்டைச் சுரண்டி எடுத்தேன். மனைவி துணி காயப்போட வெளியே வந்தவள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க? பொட்டயா அழிக்கிறீங்க?"

அவள் குரல் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பொட்டழிப்பது எங்களுக்குள் எதற்கு ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஈரத்துணி கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. புரிந்தபோது பள்ளிக்கூடம் இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"அவகிட்ட சொல்லாதீங்க," என்றாள்.

"சொல்லல."

"எப்பவும் சொல்லாதீங்க."

வெள்ளிக்கிழமை மகள் கிண்ணத்தோடு இறங்கினாள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். பானெட்டில் வைத்தாள். பின்னால் போனாள். அங்கேயே நின்றாள்.

"அப்பா, இங்க வச்ச பொட்டக் காணோம்."

"அங்க வேணாம்மா. நெத்தியில வச்சாப் போதும்."

"ஏன்?"

"எண்ண ஊத்துறவன் கையில ஒட்டுது."

அவள் மூடியைத் தொட்டாள். நடுவில் இப்போது தெரிந்த ஊசித்துளையை விரலால் தடவிப் பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள், பிட்டரின் கொட்டகை இருக்கும் பக்கத்தைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி. அதை எப்போதும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான்.

"இது மூச்சு விடுற ஓட்டையாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு வாய் வரவில்லை. அவள் காத்திருந்துவிட்டுக் கிண்ணத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தாள். "நீயே வச்சிரும்மா," என்றாள். அழவில்லை. பாடம் படிக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு காருக்கு மனைவிதான் பொட்டு வைத்தாள். அந்த மூடியில் யாரும் பொட்டு வைக்கவில்லை.

கார் ஒழுங்காக ஓடியது. நான் நம்பவில்லை. தினமும் காலையில் துளையில் ஊசி விட்டுப் பார்த்தேன். ஒழுங்காக ஓடும் காரை நம்பாமல் ஓட்டுவது, நிற்கும் காரை ஓட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மகளுக்கும் அந்த நாட்களில் இழுப்பு வரவில்லை. வரவில்லை என்று நினைத்தோம்.

ஒரு விடுமுறை நாள் காலை, நல்ல மழை. மனைவி பசியாறக் கூப்பிட்டாள், மகள் வரவில்லை. அறையில் இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பாள் என்று நான் சொன்னேன். மனைவி குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். தண்ணீர்த்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மகள் உட்கார்ந்திருந்தாள். துண்டை நான்காக மடித்து வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள், சத்தம் வெளியே கேட்காதபடி. எப்போதிலிருந்து அப்படி உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. உதடுகள் நிறம் மாறியிருந்தன.

அவளைத் தூக்கினேன். "காடிய எடுக்காதீங்கப்பா," என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சுக்கு நின்றாள். "நின்னுரும். என்னாலதான். நின்னுரும்."

"நிக்காது," என்றேன். "நிக்காதுடா."

எனக்கே அது தெரியாது.

காரை எடுத்தேன். மழையில் சாலை சரியாகத் தெரியவில்லை. மனைவி பின்னால் மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. எனக்கு எஞ்சின் மட்டும் கேட்டது. தென்னைகள் வந்தன, போயின. எஞ்சின் இருமவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். ஒரு தாதி குடையோடு ஓடிவந்தாள். அவளும் மனைவியும் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நானும் இறங்கியிருக்க வேண்டும். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க முடியவில்லை.

காவல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். வண்டியை ஓரமாக எடுக்கச் சொன்னார். எடுத்தேன். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி எடுக்குமா என்று யாருக்குத் தெரியும். உள்ளே அவளுக்கு வேறு ஏதாவது ஆகிவிட்டால், வேறு எங்காவது கொண்டுபோகச் சொன்னால். கோலாலம்பூர் என்றால். டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்தேன். அந்த யோசனையிலேயே மழை விட்டது, மறுபடி பிடித்தது.

மனைவி வந்தபோது முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"ஊசி போட்டாச்சு. மூச்சு எறங்கிருச்சு. தூங்குறா."

நான் தலையாட்டினேன்.

"தூங்குறதுக்கு முன்னால, காடி நின்னுச்சான்னு கேட்டா. நிக்கல, வந்து சேந்துட்டோம்னு சொன்னேன். நம்பல. அப்பா எங்கன்னு கேட்டா."

"வர்றேன்."

"எஞ்சின அணைங்க."

"திரும்ப எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா என்னங்க? வந்தாச்சு. நாம வந்துட்டோம்."

நான் அசையவில்லை. அவள் மழையில் பாதி நனைந்துகொண்டே என் மேலாகக் குனிந்து, கை நீட்டிச் சாவியைத் திருகினாள். சத்தம் நின்றது. காரின் கூரையில் மழை விழுவது அப்போதுதான் எனக்குக் கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் விரல்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். நான் இறங்கினேன். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன், மகள் கண் விழிக்கும்போது நான் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காக.